பாஸ்தாவின் வடிகஞ்சி

கேரட், பட்டாணி, ஸ்வீட் கார்ன் எல்லாம் போட்டு, க்ரீம் ஊற்றி, அரை மணிக்குள் ஒரு பாஸ்தா செய்து இறக்குவது இன்று பல வீடுகளில் சாதாரணமாக நடக்கிற காரியம். ஆனால் செய்கிறவர்கள் அதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறார்கள். எல்லாம் பாக்கெட் சாமான், இதில் என் கைவேலை ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு பேச்சு. அந்தக் கூச்சம் தேவையில்லாதது. பாக்கெட்டில் வந்தது என்பதால் ஒரு பொருள் தாழ்ந்துபோவதில்லை. அந்தப் பாக்கெட் நமக்காக எந்த வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். நம் வீட்டு அடுப்பிலும் கையிலும் நடக்கவே நடக்காத வேலையை முடித்துக் கொடுத்திருந்தால் நிம்மதியாக வாங்கலாம். நாமே இரண்டு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய வேலையைக் காசுக்கு விற்றால், அதை அலமாரியிலேயே விட்டுவிட்டு வரலாம். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால், க்ரீம் பாஸ்தாவுக்கு என்ன வாங்குவது, என்ன வாங்காமல் இருப்பது, வீட்டுக்கு வந்து எங்கே கவனம் வைப்பது என்று எல்லாமே தெளிவாகிவிடும்.

முதல் பாக்கெட் பாஸ்தாவேதான். உலர்ந்த பாஸ்தா என்பதே பழைய காலத்து அவசர உணவு. 1154-ல் எழுதி முடிக்கப்பட்ட தன் புவியியல் நூலில் அல் இத்ரீசி, சிசிலித் தீவில் பலெர்மோவுக்குப் பக்கத்தில் இருக்கும் டிராபியா என்ற ஊரைப் பற்றிச் சொல்கிறார். அங்கே இத்ரிய்யா என்ற மாவிழைகளை ஏராளமாகச் செய்து, கப்பல் கப்பலாக வெளியூருக்கு அனுப்பினார்கள் என்கிறார். காய்ந்தது, கெடாது, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் சாப்பாடு. நம் வீடுகளில் கோடையில் வடாம் பிழிந்து மொட்டைமாடியில் காயவைத்ததும், சேமியாவும் காய்ந்த சேவையும் டப்பாவில் இருந்ததும் இதே யோசனையில் பிறந்தவைதான். வெயில் இருக்கும்போது வேலையை முடித்துவைத்து, நேரமில்லாத நாளில் எடுத்துக்கொள்வது. மழைநாளில் வடாம் பொரித்து வைத்தவரைப் பார்த்து, இது இன்றைக்குச் செய்ததில்லையே என்று யாரும் குறை சொன்னதில்லை.

அந்த உலர்ந்த பாஸ்தாவை வீட்டில் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் கோதுமையில் இருக்கிறது. நல்ல பாஸ்தா டூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்யப்படுகிறது. இத்தாலியில் 1967-ல் வந்த சட்டம், உலர் பாஸ்தாவை டூரம் ரவையும் தண்ணீரும் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று விதித்தது. அந்த ரவையைக் கெட்டியாகப் பிசைந்து, பெரும் அழுத்தத்தில் அச்சுவழியே தள்ளி, மணிக்கணக்கில் பக்குவமாக உலர்த்துகிறார்கள். நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலுள்ள கிராக்னானோ என்ற ஊர் இந்த உலர்த்தும் கலைக்காகவே பெயர் பெற்றது. டூரம் ரவையிலுள்ள புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு உள்ளேயிருக்கும் மாவுச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் நல்ல பாஸ்தா பத்து நிமிடம் கொதித்தும் குழைவதில்லை. கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படிப்பது இதற்காகத்தான். டூரம் ரவை என்று மட்டும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மைதா சேர்ந்திருந்தால் அது சீக்கிரம் குழையும், ஒன்றோடொன்று ஒட்டும். மேல்பரப்பையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. பளபளவென்று கண்ணாடிபோல இருப்பதைவிட, மாவு பூசியதுபோல மங்கலாக, லேசான சொரசொரப்போடு இருக்கிற பாஸ்தா வெண்கல அச்சில் வந்ததாக இருக்கும். சாஸ் அதன்மேல்தான் நன்றாகப் பற்றும்.

இரண்டாவது பாக்கெட் உறைந்த காய்கறி. காய்கறிக்காரர் தெருவுக்கே வருகிற ஊரில் ஃப்ரோசன் காய் எதற்கு என்ற கேள்வி முற்றிலும் நியாயமானது. அதற்கு ஒவ்வொரு காயாகத்தான் பதில் சொல்ல முடியும். கேரட், பீன்ஸ், குடைமிளகாய் மூன்றையும் ஃப்ரீசரிலிருந்து வாங்குவதில் பொருளில்லை. வருடம் முழுக்கப் புதிதாகக் கிடைக்கின்றன, நறுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பச்சைப் பட்டாணியும் ஸ்வீட் கார்னும் வேறு சாதி. இரண்டிலும் இருக்கும் இனிப்பு, பறித்த கணத்திலிருந்தே மாவாக மாறத் தொடங்கிவிடுகிறது. லாரியில் ஒரு நாள், கடையில் இரண்டு நாள் என்று கழிந்தபின் நாம் உரிக்கிற பட்டாணி பெரும்பாலும் மாவாகத்தான் இருக்கும். பறித்த சில மணி நேரத்தில் கொதிநீரில் முக்கி எடுத்து உறையவைத்தால் அந்த இனிப்பு அப்படியே நின்றுவிடும். வேகமாக உறையவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் இன்றைய கனடாவிலுள்ள லாப்ரடாரில் தங்கியிருந்தபோது புரிந்துகொண்டார். அந்த ஊர் இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் கணத்தில் உறைந்து, மாதங்கள் கழித்தும் சுவை கெடாமல் இருப்பதைப் பார்த்தார். மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாகி உள்ளே கிழிக்கும், வேகமாக உறைந்தால் படிகம் சிறிதாகவே நிற்கும். 1930-ல் மாசச்சூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் அவருடைய முறையில் உறைந்த உணவுகள் கடைக்கு வந்தன. கடையில் பட்டாணிப் பாக்கெட்டை வெளியிலிருந்தே விரலால் தடவிப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும். பட்டாணி தனித்தனியாக உருண்டால் நல்லது. கட்டியாக ஒட்டிக்கிடந்தால், வழியில் எங்கேயோ உருகி மறுபடி மெதுவாக உறைந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டாம்.

உறைந்த காயில் இன்னொரு வேலையும் முடிந்திருக்கிறது. அது எவ்வளவு பெரிய வேலை என்று காட்ட ஒரு பழைய சமையல் குறிப்பே இருக்கிறது. க்ரீமும் காய்கறியும் சேர்ந்த பாஸ்தாவை உலகம் முழுக்கப் பரப்பியது பாஸ்தா பிரிமவேரா. 1970-களில் நியூயார்க்கின் லெ சிர்க் உணவகத்தில் அது பிரபலமானது. 1977-ல் நியூயார்க் டைம்ஸ் அதன் செய்முறையை வெளியிட்டது. பச்சைக் காய்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக உப்புத் தண்ணீரில் வேகவைத்து எடுக்கச் சொல்கிற செய்முறை அது. பட்டாணிக்கு வேண்டிய நேரம் வேறு, பீன்ஸுக்கு வேறு, ப்ரோக்கோலிக்கு வேறு என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுச் சமையலறையில் நாலைந்து பாத்திரம் இறங்கிவிடும். ஃப்ரோசன் பட்டாணியும் கார்னும் இந்தத் தனித்தனி வேகவைத்தலை முடித்துக்கொண்டுதான் வருகின்றன. அவற்றை உருகவைக்காமல் நேரே போட்டு மூன்று நிமிடம் சூடாக்கினால் போதும். முன்பே உருகவைத்தால் தண்ணீர்விட்டு சவசவத்துப் போகும்.

மூன்றாவது க்ரீமும் சீஸும். சின்ன அட்டைப்பெட்டியில் வருகிற க்ரீம், 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடாக்கப்பட்டு, கிருமி புகாதபடி அடைக்கப்பட்டது. நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் 25 சதவீதம் கொழுப்பு இருக்கும். பாலாடையை எடுத்துவைத்து அடித்தால் ஆகாதா என்று கேட்கலாம். சுவை வரும். ஆனால் வீட்டுப் பாலாடையில் கொழுப்பு ஏற்கெனவே திரண்டுபோயிருக்கும், சூட்டில் எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதக்கும். பெட்டி க்ரீமில் கொழுப்பு மிகச் சிறு துளிகளாக உடைத்துப் பரப்பப்பட்டிருக்கிறது. இது கையால் ஆகிற வேலையில்லை. பதப்படுத்தப்பட்ட சீஸின் கதையும் இதே மாதிரிதான். சாதாரண சீஸைச் சூடாக்கினால் அதன் புரதம் இறுகிச் சுருண்டு, நெய் வெளியே வழியும். 1911-ல் சுவிட்சர்லாந்தில் வால்ட்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்து இதற்கு வழி கண்டார்கள். புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தை அந்த உப்பு விலக்கிவிடுகிறது. அதன்பின் சீஸ் திரியாமல், வழுவழுவென்று உருகுகிறது. சிறு சதுரக் கட்டியாக வாங்குகிற சீஸ் நம் வாணலியில் சொன்னபடி கேட்பது இதனால்தான்.

இனி வாங்கக் கூடாதவை. பாஸ்தாவோடு சேர்ந்து வருகிற மசாலாத் தூள், ஒயிட் சாஸ் பவுடர், பாட்டிலில் அடைத்த ரெடிமேட் வெள்ளை சாஸ். இவற்றில் இருப்பது பெரும்பாலும் மாவு, உப்பு, பால் பவுடர், பூண்டுப் பொடி, கொஞ்சம் சுவைகூட்டி. இந்தப் பட்டியலில் வீட்டில் இல்லாதது எது? பூண்டு நசுக்க ஒரு நிமிடம், மிளகு பொடிக்க அரை நிமிடம். புதிதாக நசுக்கி வெண்ணெயில் வதக்கிய பூண்டின் வாசனை எந்தப் பொடியிலும் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பை எவ்வளவு போடுவது என்கிற உரிமையை இந்தத் தூள்கள் நம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. குழந்தைகள் அடிக்கடி கேட்கிற பண்டத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பது சரியில்லை.

சாஸைக் கெட்டியாக்க மாவு வேண்டாமா என்றால், வேண்டும். அந்த மாவைத்தான் நம்மில் பெரும்பாலோர் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறோம். பாஸ்தா வெந்த தண்ணீர் வெளுத்து, லேசாகக் கொழகொழத்து இருக்கும். அது வடிகஞ்சியேதான். கோதுமை மாவுச்சத்து வெந்நீரில் ஊதி வெடித்துக் கலந்த கஞ்சி. கொழுப்பும் தண்ணீரும் தாமாகச் சேராது. நடுவில் மாவுச்சத்து நின்றால் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று போய் ஒட்டாமல் பிரிந்தே நிற்கும், சாஸும் வழுவழுப்பாக இருக்கும். இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் 2025-ல் இதை அளந்தே பார்த்தார்கள். சீஸும் மிளகும் மட்டும் சேர்கிற ஒரு ரோமானியப் பாஸ்தா சாஸ் ஏன் திரிகிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. சீஸின் எடையில் ஒரு சதவீதத்துக்குக் குறைவாக மாவுச்சத்து இருந்தால் சூட்டில் சீஸ் கட்டிகட்டியாகத் திரிந்துவிடுகிறது, இரண்டு மூன்று சதவீதம் இருந்தால் நிலையாக நிற்கிறது என்று கண்டார்கள். அந்த ஆண்டு இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு இதற்குக் கிடைத்தது. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கிற ஆய்வுக்குத் தருகிற பரிசு அது. அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். நிறையத் தண்ணீர் வைத்து வேகவைத்த பாஸ்தாவின் வடிகஞ்சியில் இந்த அளவு மாவு இருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஆகவே தனியாகக் கொஞ்சம் மாவைக் கரைத்துச் சேர்ப்பது பத்திரம். நம் கணக்குக்கு 50 கிராம் சீஸ் என்றால் ஒன்றேகால் கிராம் மாவு, அதாவது அரை டீஸ்பூன் சோளமாவு. ஒரு ஒயிட் சாஸ் பாக்கெட் செய்கிற வேலை இந்த அரை டீஸ்பூனில் அடங்கிவிடுகிறது.

தண்ணீரைக் குறைத்தால் அந்த அரை டீஸ்பூனும் பல நாள் தேவைப்படாது. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது இத்தாலிய வழக்கம். உணவு அறிவியல் எழுத்தாளர் ஹரோல்ட் மெக்கீ, 2009-ல் அதே நியூயார்க் டைம்ஸில் அதைவிட மிகக் குறைந்த தண்ணீரிலும் பாஸ்தா நன்றாக வேகிறது என்று செய்துபார்த்து எழுதினார். முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளற வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று பேருக்கு 200 கிராம் பாஸ்தா, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. சீஸில் உப்பு இருக்கிறது, அதனால் இதற்குமேல் வேண்டாம். தண்ணீரில் எண்ணெய் விடுவதும், வடித்தபின் குழாய்த் தண்ணீரில் அலசுவதும் பரவலாக இருக்கிற பழக்கங்கள். இரண்டுமே சாஸை வழுக்கிவிடச் செய்கிற காரியங்கள். பாக்கெட்டில் பதினொரு நிமிடம் என்று போட்டிருந்தால் ஆறாவது நிமிடம் பொடியாக நறுக்கிய கேரட், அதன்பின் ஃப்ரோசன் பட்டாணியும் கார்னும் அதே தண்ணீரில் போகலாம். ஒன்பதாவது நிமிடம் ஒரு பாஸ்தாவை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அதுதான் சமயம். பிரியாணிக்கு அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்து, மீதி வேக்காட்டைத் தம்மில் மசாலாவோடு முடிக்கிறோமே, அதே நியாயம் இங்கேயும். கடைசி இரண்டு நிமிடம் பாஸ்தா தண்ணீரில் வேகக் கூடாது, சாஸில் வேக வேண்டும். உறிஞ்சுவதைச் சாஸாக உறிஞ்சட்டும்.

பாஸ்தா வேகிற நேரத்தில் பக்கத்து அடுப்பில் வாணலி. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், நசுக்கிய பூண்டு ஐந்து பல், குடைமிளகாய், இடித்த மிளகு. பூண்டு சிவக்கக் கூடாது, வாசனை கிளம்பினால் போதும். வடிகட்டியின் அடியில் ஒரு பாத்திரம் வைத்துப் பாஸ்தாவை வடித்து, காயும் பாஸ்தாவுமாக வாணலியில் கொட்டி, ஒரு பெரிய கரண்டி வடிகஞ்சி ஊற்ற வேண்டும். முதலில் பயமாக இருக்கும். அடியில் கலங்கல் தண்ணீர் தேங்கி, பாஸ்தா தனியாக நிற்கும். தீயைக் கூட்டி ஒரு நிமிடம் குலுக்கிக் குலுக்கிக் கிளறினால், சளசளவென்று கொதித்த சத்தம் மெல்ல மாறும். குமிழ்கள் பெரிதாகி, நிதானமாக, பொளக் பொளக்கென்று வெடிக்கும். அப்போது தீயை முழுக்கக் குறைத்து 100 மில்லி க்ரீமும், துருவிய இரண்டு சீஸ் கட்டியும் சேர்க்கலாம். க்ரீம் போனபின் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு பிரிந்துவிடும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு ஒரு நொடி நின்று, பிறகு மெல்ல மூடிக்கொள்ள வேண்டும். உடனே மூடினால் இன்னும் அரை நிமிடம். மூடவே இல்லையென்றால் இன்னும் ஒரு கரண்டி வடிகஞ்சி. இந்த இரண்டு நிமிடத்தை எந்தப் பாக்கெட்டும் நமக்காகச் செய்துதராது. சமைக்கிறவரின் கை தெரிகிற இடம் இதுதான்.

இதெல்லாம் சரி, ஆனால் பாக்கெட் உணவு உடம்புக்குக் கெடுதல் என்று மருத்துவர்களே சொல்கிறார்களே என்பது அலட்சியப்படுத்த முடியாத ஆட்சேபம். பிரேசில் ஆய்வாளர் கார்லோஸ் மொன்டேரோவும் அவருடைய குழுவினரும் உணவுகளைப் பதப்படுத்தலின் அளவை வைத்து நான்காகப் பிரித்தார்கள். அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது. அந்தப் பிரிவினையிலேயே, மாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த உலர் பாஸ்தாவும் வெறும் உறைந்த காய்கறியும் முதல் வகுப்பில், அரிசி பருப்போடு சேர்ந்து நிற்கின்றன. கெடுதல் பேச்சு அவற்றுக்குப் பொருந்தாது. பதப்படுத்தப்பட்ட சீஸ் நான்காவது வகுப்பில் வரும், உண்மை. அதில் உப்பும் அதிகம். அதனால்தான் அளவு இரண்டு கட்டியில் நிற்கிறது. வடிகஞ்சி வேலை செய்வதால்தான் இரண்டு கட்டியில் நிறுத்தவும் முடிகிறது. சாஸின் கெட்டிப்பு முழுவதையும் க்ரீமிடமும் சீஸிடமும் எதிர்பார்த்தால் ஒரு முழுப் பெட்டி க்ரீமும் ஐந்தாறு கட்டி சீஸும் தேவைப்படும். பாஸ்தா வெறும் மாவுதானே, சர்க்கரை ஏறாதா என்ற கேள்விக்கும் பாதி பதில் வேக்காட்டில் இருக்கிறது. டூரம் பாஸ்தாவின் இறுகிய அமைப்பால் அது அதே கோதுமையில் செய்த ரொட்டியைவிட மெதுவாகச் செரிக்கிறது. குழைய வேகவிட்டால் அந்த நன்மை குறைந்துபோகும். மீதி பாதி அளவில் இருக்கிறது. ஆளுக்கு எழுபது, எண்பது கிராம் பாஸ்தாவும், கண்ணுக்கு அதற்குச் சமமாகத் தெரிகிற அளவு காயும் இருக்க வேண்டும்.

இத்தாலியர்கள் பாஸ்தாவில் க்ரீம் ஊற்றுவதே இல்லை, இது போலி என்பது இன்னொரு குரல். ரோமில் ஆல்ஃபிரெடோ டி லெலியோ பரிமாறிப் புகழ்பெற்ற ஃபெட்டுச்சீனிப் பாஸ்தாவில் வெண்ணெயும் பார்மஜானோ சீஸும் மட்டுமே இருந்தன, க்ரீம் இல்லை. இதைச் சொல்கிறவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பதார்த்தம் க்ரீம் இல்லாமலே க்ரீம்போல இருந்ததற்குக் காரணம், வெண்ணெயையும் சீஸையும் வெந்த தண்ணீரோடு சேர்த்துப் பரிமாறும்போதே அடித்துக் கலந்ததுதான். அவர்களுடைய சமையலிலும் உயிர் வடிகஞ்சியில்தான் இருந்தது. தவிர, 1980-களில் இத்தாலியிலேயே பட்டாணியும் க்ரீமும் சேர்ந்த பாஸ்தாக்கள் உணவகங்களில் கொடிகட்டிப் பறந்தன. பிரிமவேராவை எடுத்துக்கொண்டால், அதை முதலில் யார் செய்தார் என்பதற்கே பல பேர் உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். லெ சிர்க்கில், பிரெஞ்சு முறையில் ஊறிய தலைமைச் சமையற்காரருக்கு அது பிடிக்காமல், தன் அடுப்படிக்குள்ளேயே அதை அனுமதிக்கவில்லை என்றும், வெளியே நடைகூடத்தில் வைத்துச் செய்தார்கள் என்றும் சொல்வார்கள். பிரபலமான உணவகத்திலேயே அடுப்படிக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு பதார்த்தத்தை, நம் வீட்டு வாசலில் நிறுத்திச் சாதிச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை.

வடிகஞ்சி முழுவதையும் உடனே தீர்த்துவிட வேண்டாம். வாணலியில் சரியாக இருக்கிற சாஸ், தட்டுக்குப் போய் ஆற ஆற இறுகிக்கொண்டே போகும். அதனால் இறக்கும்போது நாம் விரும்புவதைவிட ஒரு படி நீர்க்கவே இருக்கட்டும். மிச்சத்தை ஒரு தம்ளரில் எடுத்துவைத்தால், அரை மணி தாமதமாகச் சாப்பிட வருகிறவருக்குச் சின்னத் தீயில் இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறிக் கொடுக்கலாம். இறுகி ஒட்டிக்கிடந்த பாஸ்தா நெகிழ்ந்து, முதல் தட்டில் இருந்த பளபளப்போடு மறுபடி கரண்டியிலிருந்து வழியும்.